வாசலில் எழுதிய விலை

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஒத்தவாடைத் தெருவும் அதன் குறுக்குத் தெருவும் சுற்றுலாப் பயணிகளை நம்பி வாழ்பவை. தங்கும் விடுதிகள், துணிக்கடைகள், சிற்பக் கடைகள் ஆகியவற்றுக்கு நடுவே சிறிய கடலுணவு உணவகங்கள் அங்கு இருக்கின்றன. அன்று கரைக்கு வந்த மீனைத் தட்டில் அடுக்கி வாசலில் வைப்பதும், பக்கத்தில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்து இன்று என்ன கிடைக்கும் என்று சாக்பீஸால் எழுதுவதும் இத்தகைய உணவகங்களின் வழக்கம். வஞ்சிரம், இறால், கடம்பா, நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் அதில் இருக்கும். சில பலகைகளில் பெயருக்கு எதிரே விலை இருக்கும், சிலவற்றில் இருக்காது.

விலை எழுதிய பலகைக்கும் எழுதாத பலகைக்கும் உள்ள வேறுபாடு சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், ஒரு சுற்றுலா ஊரின் சந்தை நேர்மையாக இயங்குகிறதா என்பதை அறிய இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. வெளியூர் செல்லும்போதெல்லாம் உணவக வாசல் பலகைகளைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மாமல்லபுரம், புதுச்சேரி, கொடைக்கானல், கன்னியாகுமரி என்று எங்கு சென்றாலும் இந்தப் பலகைகள் சொல்லும் செய்தியும், சொல்லாமல் விடும் செய்தியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன.

பொருளியலில் 'பட்டியல் செலவு' என்றொரு கருத்து உண்டு. ஆங்கிலத்தில் 'மெனு காஸ்ட்' என்பார்கள். உணவகத்தின் விலைப்பட்டியலிலிருந்து பிறந்த பெயர் அது. விலையை மாற்றுவதற்கே ஒரு செலவு ஆகிறது. புதிய பட்டியல் அச்சிட வேண்டும், பழையதைக் குப்பையில் போட வேண்டும், வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். அதனால்தான் மூலப்பொருளின் விலை நாள்தோறும் மாறினாலும் பல பொருள்களின் விலை மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. இந்தச் சிறிய செலவு ஒரு பொருளாதாரம் முழுவதிலும் பெரிய விளைவுகளை உண்டாக்கக்கூடும் என்பதை கிரிகரி மேன்கிவ் 1985-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை எடுத்துக்காட்டியது.

கரும்பலகை இந்தச் செலவை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடுகிறது. ஒரு ஈரத்துணியும் ஒரு சாக்பீஸும் போதும். கடலுணவு விற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. ஏனெனில் மீனின் விலையைப் போல அலைபாயும் விலை வேறொன்று இருப்பது அரிது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. அந்நாள்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீனுக்குக் கிராக்கி ஏறுகிறது. புரட்டாசியில் அசைவம் தவிர்ப்போர் பெருகுவதால் விலை இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகுகள் கரையிலேயே நிற்கின்றன. இவை போதாதென்று, வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ எரிவாயு உருளையின் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதந்தோறும் முதல் தேதியில் திருத்தியமைக்கின்றன. இத்தனை மாற்றங்களுக்கும் ஈடுகொடுத்து, இன்றைய விலையை இன்றே சொல்ல வல்லது சாக்பீஸ்.

அப்படியிருக்க, விலையை எழுதுவதற்காகவே அமைந்தது போன்ற ஒரு பலகையில் விலை மட்டும் ஏன் இடம்பெறுவதில்லை?

இந்தக் கேள்விக்கு விடை காண நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையின் மரபைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 'என்ன இருக்கிறது?' என்று கேட்டால், பரிமாறுபவர் இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா தோசை என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அந்த ஒப்பித்தலில் விலை வராது. கேட்பவருக்கும் அது தேவைப்படுவதில்லை. வாசலில் உள்ள 'இன்றைய ஸ்பெஷல்' பலகையிலும் அடை அவியல் என்று இருக்குமே தவிர, எத்தனை ரூபாய் என்று பெரும்பாலும் இருக்காது. ஆயினும் அங்கு யாரும் ஏமாறுவதில்லை. காபிக்கு இரண்டு ரூபாய் ஏற்றினால் அன்று மாலைக்குள் தெரு முழுவதும் செய்தி பரவிவிடும். மறுநாள் கல்லாவில் இருப்பவர் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். நாளையும் அதே முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமே அங்கு விலைப்பட்டியலின் வேலையைச் செய்கிறது. 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கும் கடைக்காரரேகூடத் தெரிந்தவருக்குக் கடன் கொடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

சுற்றுலாப் பயணிக்கும் உணவகத்துக்கும் இடையே இந்த 'நாளை' கிடையாது. அவர் இன்றிரவு சாப்பிடுகிறார். நாளைக் காலை பேருந்து ஏறிவிடுகிறார். திரும்பி வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. நற்பெயர் கெடும் என்ற அச்சம் வணிகரைக் கட்டுப்படுத்தும் என்பது சந்தைப் பொருளியலின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்று. ஒரே ஒருமுறை நிகழும் கொடுக்கல் வாங்கலில் அந்தக் கட்டுப்பாடு வலுவிழந்துவிடுகிறது. அதன் இடத்தை வேறொன்று நிரப்பியாக வேண்டும். வாசலில் எல்லோரும் காண எழுதிய விலைதான் அது.

இதை அறிஞர்கள் பல கோணங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். விலை பற்றிய தகவலைத் தேடுவதற்கும் ஒரு செலவு உண்டு என்பதை ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1961-இல் விளக்கினார். அந்தத் தேடல் செலவு மிகச் சிறியதாக இருந்தாலும், கடைகள் பல இருந்தும் போட்டி செயலிழந்து, எல்லாக் கடைகளும் ஏகபோக விலையிலேயே போய் நிற்கக்கூடும் என்ற வியப்பூட்டும் முடிவை பீட்டர் டைமண்ட் 1971-இல் முன்வைத்தார். ஸ்டீவன் சாலப்பும் ஜோசப் ஸ்டிக்லிட்சும் 1977-இல் எழுதிய கட்டுரை, விலை அறிந்தோரும் அறியாதோரும் கலந்திருக்கும் சந்தையைப் பற்றியது. அறிந்தோர் மிகுந்திருந்தால் அறியாதோரும் நியாய விலை பெறுவர். அறியாதோர் மிகுந்தால் கூடுதல் விலை வைக்கும் கடைகளுக்கும் பிழைக்க வழி பிறக்கும். உள்ளூர்வாசியும் வெளியூர்ப் பயணியும் என்று உருவகித்தே இதை வகுப்பில் விளக்குவது வழக்கம்.

டைமண்ட் சொன்னதை ஒரு குடும்பத்தின் நிலையிலிருந்து பார்த்தால் எளிதில் விளங்கும். நாள் முழுவதும் வெயிலில் சிற்பங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குழந்தைகளுடன் ஓர் உணவகத்தில் வந்து அமர்கிறார்கள். தண்ணீர் வைக்கப்படுகிறது. பிள்ளைகள் இறால் வேண்டும் என்கிறார்கள். அதன் பிறகே விலை தெரிகிறது. எதிர்பார்த்ததைவிட நூறு, இருநூறு கூடுதல். எழுந்து வெளியே போக முடியுமா? சட்டப்படி முடியும். ஆனால் நம்மில் எத்தனை பேர் போவோம்? கூச்சம், களைப்பு, பிள்ளைகளின் முகம் ஆகிய மூன்றும் சேர்ந்து நாற்காலியில் உட்கார வைத்துவிடும். உள்ளே வந்து அமர்ந்த பிறகு தெரியவரும் விலையால் போட்டி உண்டாவதில்லை. தெருவில் நிற்கும்போதே தெரியும் விலைதான் இரண்டு கடைகளை ஒப்பிட வைக்கிறது. அறியாதவரைச் செலவின்றி அறிந்தவராக்கும் ஆற்றல் வாசல் பலகைக்கு இருக்கிறது.

நான் படித்த பலகைகளில் கண்ட குறைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, விலையே இல்லாமை. கடலுணவு உணவகங்களில் இதற்கு ஒரு நாகரிகமான பெயரும் உண்டு: 'ஏ.பி.எஸ்.'. உருவத்துக்கு ஏற்ற விலை என்பது அதன் பொருள். மீனின் உருவம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் எடைக்கு இன்ன விலை என்று எழுதுவதற்கு உருவம் தடையில்லை. இரண்டாவது, அளவு இல்லாத விலை. ஓர் ஊரில் ஒரு பலகையில் மீனின் பெயருக்கு எதிரே ஓர் எண் மட்டும் இருந்தது. விசாரித்தபோது அது 100 கிராமுக்கான விலை என்றார்கள். ஒரு கணக்குக்காக, பலகையில் 250 ரூபாய் என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். 700 கிராம் மீன் என்றால் அது 1,750 ரூபாய் ஆகிறது. அந்த எடை பச்சை மீனுக்கா, செதிலும் குடலும் நீக்கிய மீனுக்கா என்பது அடுத்த கேள்வி.

மூன்றாவது, மொத்தத் தொகையைச் சொல்லாத விலை. அதே 1,750 ரூபாயுடன் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்தால் 1,925 ரூபாய். அதன்மேல் ஐந்து விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 2,021 ரூபாய் 25 காசு. பலகையில் கண்ட 250-க்கும் பில்லில் கண்ட 2,021-க்கும் இடையே ஒருவர் ஏமாந்துபோனதாக உணரலாம். நான்காவது, மொழி. வெளிநாட்டவருக்காக எழுதப்படும் பலகை ஆங்கிலத்தில் இருப்பது இயல்பு. ஆனால் சேலத்திலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வரும் குடும்பமும் சுற்றுலாப் பயணிதான். 'காலமாரி' என்று எழுதியிருப்பது தாம் அறிந்த கடம்பாதான் என்பதும், 'ஸ்னாப்பர்' என்பது சங்கராதான் என்பதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இது சிறுபான்மையினரின் சிக்கல் அன்று. மத்திய சுற்றுலா அமைச்சகக் கணக்கின்படி 2023-இல் தமிழ்நாட்டில் பதிவான உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள் 28 கோடிக்கும் மேல். வெளிநாட்டவர் வருகை 11 லட்சத்துக்கும் சற்று அதிகம். அதாவது, பலகை யாருக்காக எழுதப்படுகிறதோ அவர்களைவிட, அதைப் படிக்க இயலாமல் கடந்து செல்வோர் பல மடங்கு அதிகம். தமிழ்நாட்டுக் கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இடம்பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்காக அவ்வப்போது ஆய்வுகளும் நடக்கின்றன. கடையின் பெயர் தமிழில் இருந்து, விலை தமிழ் வாசகருக்குப் புரியாமல் இருந்தால் அந்த விதியின் பயன் பாதியாகிவிடுகிறது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதும் அன்று. 2018-இன் தொடக்கத்தில் இத்தாலியின் வெனிஸ் நகரில், ஜப்பானிய மாணவர்கள் சிலரிடம் ஒரு வேளை உணவுக்காக 1,100 யூரோவுக்கு மேல் வசூலித்த உணவகத்தின் செய்தி உலகமெங்கும் பரவியது. வறுத்த மீனும் இறைச்சியும் தண்ணீரும்தான் அவர்கள் சாப்பிட்டவை. அந்நகரின் மேயர் தலையிட்டு விசாரிக்க வேண்டிய நிலை வந்தது. ஒரு மேசையில் கிடைத்த கூடுதல் வருமானத்துக்காக, நூற்றாண்டுகளாகச் சேர்த்த பெயருக்கு ஏற்பட்ட களங்கத்தை ஊர் முழுவதும் சுமக்க நேர்ந்தது.

பிரான்சின் அனுபவம் இதற்கு மாறானது. பாரிஸ் உணவக வாசல்களில் தென்படும் சிறிய கற்பலகை அந்நாட்டின் அழகுணர்ச்சிக்கு அடையாளமாகப் பேசப்படுகிறது. 'ஆர்துவாஸ்' என்பது அதன் பெயர்; நம் குழந்தைகள் ஒரு காலத்தில் பலப்பம் கொண்டு எழுதிய சிலேட்டும் அதுவே. கடன் பாக்கி என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு என்பது வணிகத்துக்கும் பலகைக்கும் உள்ள பழைய உறவைக் காட்டுகிறது. அந்த அழகுக்குப் பின்னால் ஓர் அரசாணையும் இருக்கிறது. உணவின் விலைப்பட்டியலை உணவு நேரத்தில் வெளியிலிருந்தே படிக்கும்படி வைக்க வேண்டும் என்றும், எழுதிய விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும் என்றும் 1987 முதல் அங்கு விதி உள்ளது. புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதி உணவகங்கள் அந்தப் பலகையின் அழகை வாங்கிக்கொண்டன. அதன் பின்னாலிருந்த விதியையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தால் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும்.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை நுகர்வோருக்கு வழங்குகிறது. சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவை செல்லும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஜிஎஸ்டி விதிகளில் ஒன்று பலருக்குத் தெரியாது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறிய உணவகங்கள் இணக்க வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அவ்வாறு தேர்ந்தெடுத்தவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. தாங்கள் அத்திட்டத்தில் இருப்பதைக் கடையில் முகப்பாகத் தெரியும் பலகையில் எழுதி வைக்கவும் வேண்டும். பலகையில் எழுதுவது ஒரு சட்டப்பூர்வமான அறிவிப்பு என்பதை வரிச்சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது.

மறுபுறம், பொட்டலப் பொருள்களுக்கு உள்ள அதிகபட்ச சில்லறை விலை என்ற கட்டுப்பாடு உணவகத்துக்கு அப்படியே பொருந்தாது. உணவகத்தில் தண்ணீர்ப் புட்டியை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. இருக்கை, சூழல், பரிமாறல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அங்கு விற்கப்படுகிறது என்பது அத்தீர்ப்பின் உட்கருத்து. பொருளியல் நோக்கிலும் அது ஏற்கத்தக்கதே. கடலைப் பார்த்தபடி அமர்ந்து உண்ணும் வறுத்த மீனுக்கும், சந்துக்கடையில் நின்றபடி உண்ணும் மீனுக்கும் ஒரே விலை இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விலை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். உட்காருவதற்கு முன்னால் அது தெரிய வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்கு மாமல்லபுரத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னங்களைக் காண இந்தியத் தொல்லியல் துறை 2018-இல் நிர்ணயித்த கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். பதினைந்து மடங்கு. ஒரே பொருளுக்கு ஆளுக்கேற்ப விலை வைப்பதைப் பொருளியலார் விலைப் பாகுபாடு என்பர். இது நியாயமா என்று விவாதிக்கலாம். பலர் விவாதிக்கவும் செய்கிறார்கள். ஆனால் யாரும் ஏமாற்றப்பட்டதாகச் சொல்வதில்லை. நுழைவுச்சீட்டுச் சாளரத்தில் இரு விலைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிச் செல்லும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. ஆளின் நிறத்தையும் உடையையும் பேச்சையும் பார்த்துவிட்டு வாய்மொழியாக விலை சொல்லும் கடையில் அந்த உரிமை பறிபோகிறது.

உணவகம் நடத்துவோரின் தரப்பையும் கேட்க வேண்டும். வெளிநாட்டவர் மிகுதியாக வருவது பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான நான்கு மாதங்களில்தான். அந்த வருவாயைக் கொண்டே பன்னிரண்டு மாத வாடகையையும் சமையல்காரரின் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். விற்காத மீனை மறுநாள் விற்க முடியாது. ஆகவே சுற்றுலா ஊரின் உணவு விலை உள்ளூர் மெஸ்ஸின் விலையைவிட உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. இந்தக் காரணங்கள் எல்லாம் உயர்ந்த விலைக்கு விளக்கமாகின்றன. மறைத்த விலைக்கு அவை விளக்கமாகா.

மறைத்த விலைக்கு வேறொரு காரணம் உண்டு, அது தரகு. சுற்றுலா ஊர்களில் பயணியை உணவகத்துக்கு அழைத்து வரும் வாகன ஓட்டியும் வழிகாட்டியும் பில்லில் ஒரு பங்கைப் பெறுவது உலகெங்கும் உள்ள வழக்கம். வாசலில் விலை எழுதிய கடையில், அந்தப் பங்கை உரிமையாளர் தம் லாபத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். விலை எழுதாத கடையில் அதைப் பயணியின் தலையில் ஏற்றிவிடலாம். அதனால் தரகர்கள் பயணிகளை எந்தக் கடைக்கு அழைத்துச் செல்வார்கள் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேர்மையாகப் பலகை எழுதுபவர் தம் நேர்மைக்காகவே வாடிக்கையாளரை இழக்கிறார். தரம் தெரியாத சந்தையில் மோசமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கியதற்கு ஒப்பான நிலை இது. ஒரு கடைக்காரரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இதை மாற்ற முடியாது. எல்லோரும் எழுத வேண்டும் என்ற பொதுவிதி இருந்தால்தான் எழுதுபவர் தோற்காமல் இருப்பார்.

பொருளியல் படித்தவர்கள் இங்கு ஓர் எதிர்வாதம் வைக்கக்கூடும். விலையை வெளிப்படையாக்கினால் விற்பனையாளர்கள் ஒருவர் விலையை மற்றவர் பார்த்துக் கூட்டுச் சேர்ந்துகொள்ள மாட்டார்களா? டென்மார்க்கில் இது நடந்திருக்கிறது. போட்டியை வளர்ப்பதாக எண்ணி, 1993-இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் கலவைக் கான்கிரீட்டின் விற்பனை விலைகளை நிறுவனவாரியாக வெளியிடத் தொடங்கியது. ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 விழுக்காடு வரை ஏறியது. வலுவான எச்சரிக்கைதான். ஆனால் அங்கு விற்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். பொருளும் ஒரே தன்மையுடையது. வாங்குபவர்களும் விலை விசாரிக்கத் தெரிந்த கட்டுமான நிறுவனங்கள். ஒரு தெருவில் அடுத்தடுத்து இருக்கும் பல சிறு உணவகங்களின் நிலை வேறு. ஒருவரின் மீன் வறுவல் மற்றவருடையதைப் போல் இருக்காது. புதிய கடை திறக்கப் பெருமுதல் தேவையில்லை. மேலும், அடுத்த கடைக்காரருக்கு விலை ஏற்கெனவே தெரியும். ஒரு பையனை அனுப்பிக் கேட்டால் போதும். தெரியாமல் இருப்பது பயணிக்கு மட்டுமே.

இணைய விமர்சனங்கள் வந்துவிட்ட காலத்தில் பலகை எதற்கு என்றும் கேட்கலாம். தரம் பற்றி அறிய அவை உதவுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் நாள்தோறும் மாறும் மீன் விலையை ஆறு மாதத்துக்கு முன் ஒருவர் எடுத்த புகைப்படம் சொல்லாது. கரோனா பெருந்தொற்றுக்குப் பின் பரவிய கியூஆர் குறியீட்டுப் பட்டியலும் பலகைக்கு ஈடாகாது. அது பெரும்பாலும் மேசையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அமர்ந்த பிறகே படிக்க முடியும். கைப்பேசியும் இணைய இணைப்பும் இல்லாதவருக்கு அது வெற்றுக் கோலம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் தனித்தனியாகப் பார்க்கும் விலை, ஆளுக்கு ஆள் வேறாகக் காட்டப்பட்டாலும் பக்கத்து மேசைக்குத் தெரியாது. கரும்பலகையை உள்ளூர்க்காரர், வெளிநாட்டவர், போட்டியாளர், தெருவில் போகும் அதிகாரி என அனைவரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். எழுதியவரை அதன் சொல்லுக்குக் கட்டுப்படுத்துவது அந்தப் பொதுப்பார்வைதான். எளிதில் அழிக்க முடிவது சாக்பீஸின் பலவீனம் என்பார்கள். பத்துப் பேர் பார்த்த எண்ணை ஒருவர் கண்முன்னால் அழித்துவிட்டுக் கூட்டி எழுதுவது அவ்வளவு எளிதன்று.

என்ன செய்யலாம்? பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. சுற்றுலா ஊர்களின் உள்ளாட்சி அமைப்புகள் உணவகங்களுக்கு உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் நான்கு நிபந்தனைகளை விதித்தால் போதும். வாசலில், தெருவிலிருந்து படிக்கும்படி, அன்றைய தேதியுடன் விலைப்பலகை இருக்க வேண்டும். எழுதும் விலை வரி உட்பட வாடிக்கையாளர் கொடுக்க வேண்டிய முழுத் தொகையாக இருக்க வேண்டும். எடைக்கு விற்கும் மீனுக்கு எத்தனை கிராமுக்கு அந்த விலை என்பதும், சமைப்பதற்கு முன் வாடிக்கையாளர் முன்னிலையில் எடை போடப்படும் என்பதும் பலகையிலேயே இருக்க வேண்டும். உணவின் பெயர் ஆங்கிலத்துடன் தமிழிலும் இருக்க வேண்டும். பலகையின் அடியில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

இதற்கு ஆகும் செலவு ஒரு பலகையும் ஒரு பெட்டி சாக்பீஸும். எனினும் விதி ஒன்றைப் போடுவது எளிது. அதை ஆய்வாளரின் கைக்கு இன்னொரு தண்டக் கருவியாக மாறாமல் காப்பது கடினம். அதனால் முதல் ஓராண்டுக்கு அபராதம் வேண்டாம் என்பேன். அதற்குப் பதிலாக, பலகை வைத்த உணவகங்களின் பட்டியலைச் சுற்றுலாத் துறை தன் தகவல் மையங்களிலும் பேருந்து நிலையத்திலும் நுழைவுச்சீட்டுச் சாளரங்களிலும் வெளியிடட்டும். பட்டியலில் இடம்பெறுவதால் வாடிக்கையாளர் பெருகுவதைக் கண்டால், மற்றவர்கள் தாமாகவே சாக்பீஸைக் கையில் எடுப்பார்கள். அந்தந்த ஊர் உணவக உரிமையாளர்கள் சங்கங்களே முன்வந்து இதைச் செய்தால் அரசு தலையிட வேண்டிய தேவையும் குறையும்.

மாமல்லபுரத்துச் சிற்பங்களை யுனெஸ்கோ 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றைக் காண வருபவர் ஊரைப் பற்றி எடுத்துச் செல்லும் நினைவில் பல்லவர் கலைக்கு எவ்வளவு இடமோ, இரவு உணவுக்கு வந்த பில்லுக்கும் ஏறத்தாழ அவ்வளவு இடம் உண்டு. கலையைக் காக்கத் தொல்லியல் துறை இருக்கிறது. பில்லின் நேர்மையைக் காக்கும் பொறுப்பு ஊரில் தொழில் செய்வோரிடமே இருக்கிறது. அவர்களுள் பலர் இன்றும் காலையில் மீன் வாங்கி வந்தவுடன், யாரும் கட்டாயப்படுத்தாமலேயே பலகையைத் துடைத்து அன்றைய விலையை எழுதுகிறார்கள். அவர்கள் தோற்றுப் போகாமல் பார்த்துக்கொள்வதே நல்ல சுற்றுலாக் கொள்கையின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).